பெயர் மாற்றப் பத்து நிமிஷம், இன்சூரன்ஸுக்கு நாலு நாள்

திண்டுக்கல்லில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய வண்டி கைமாறுவது என்றாலே எனக்குப் படிவ எண்கள்தான் ஞாபகத்துக்கு வரும். பெயர் மாற்ற 29, 30. வண்டி மேல் கடன் இருந்து அடைத்திருந்தால் 35. வேறு ஊர் வண்டி என்றால் 28. கடைக்கு வருகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

அதனால் 2019 பிப்ரவரியில் நியூசிலாந்து போய், அங்கேயே ஒரு பழைய பைக் வாங்கி, ஏழு வாரம் ஓட்டிவிட்டு விற்றுவிட்டு வரலாம் என்று முடிவு செய்தபோது, என் பயமெல்லாம் பெயர் மாற்றத்தில்தான் இருந்தது. வாடகைக்கு எடுத்தால் ஏழு வாரத்துக்கு ஆகும் செலவில் இரண்டு பழைய பைக் வாங்கிவிடலாம். வாங்குவது சரி, டூரிஸ்ட் விசாவில் வந்தவன் பெயருக்கு எவன் வண்டியை எழுதித் தருவான்? ஆக்லாந்தில் இருக்கும் என் சித்தி மகனிடம் இதையே நாலைந்து முறை கேட்டிருப்பேன்.

"அண்ணே, அது போஸ்ட் ஆபீஸ்ல முடிஞ்சிரும்ணே. நீங்க வாங்க."

இன்சூரன்ஸைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. காசு கட்டினால் கிடைக்கிற சமாச்சாரம்தானே என்று இருந்துவிட்டேன்.

முதலில் ஹெல்மெட். ஊரிலிருந்து கொண்டுபோன என் ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை மட்டும்தான். அங்கே ஐரோப்பிய முத்திரை, ஆஸ்திரேலியா–நியூசிலாந்து கூட்டு முத்திரை, அமெரிக்க டாட், ஸ்னெல் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். நம் ஐஎஸ்ஐ அதில் கிடையாது. ஹெல்மெட் விற்கிறவனுக்கே ஹெல்மெட் செல்லாது என்று தம்பி ஒரு வாரம் சிரித்தான். லைசென்ஸில் சிக்கல் இல்லை. நம் கார்டு ஆங்கிலத்தில் இருப்பதால் அதை வைத்தே அப்போது ஒரு வருஷம் வரை ஓட்டலாம். ஓட்டுவதும் நம்மைப் போல இடது பக்கம்தான்.

பைக் தேடியது டிரேட் மீ என்ற தளத்தில். அந்த ஊரில் வீடு, பசு, பழைய கட்டில் எல்லாமே அதில்தான் விற்கிறார்கள். முதல் நாளே எனக்கு ஒரு யமஹா கண்ணில் பட்டது. விலை அடிமட்டம். விளம்பரத்தில் "ரெகோ போய்விட்டது, சுலபமாகச் சரி செய்யலாம்" என்று போட்டிருந்தான். ரெகோ என்று அவர்கள் சொல்வது நம் ரோடு டாக்ஸ் மாதிரி ஒன்று. பணம் கட்டி லேபிள் வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். பழைய சொந்தக்காரன் கட்டாமல் விட்ட பாக்கி வாங்குகிறவன் தலையில் விழாது, பெயர் மாறிய நாளிலிருந்து நாம் கட்டினால் போதும். இந்த வரைக்கும் படித்துவிட்டு நான் பணம் எடுக்கக் கிளம்பியே விட்டேன்.

தம்பிதான் நம்பர் பிளேட்டைப் போட்டுப் பார்த்தான். அந்த யமஹாவின் ரெகோ முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படி ஒரு வருஷம் தாண்டினால் பதிவே ரத்து. பிறகு அதைச் சாலைக்குக் கொண்டுவர, வெளிநாட்டிலிருந்து புதிதாக இறங்கிய வண்டியைப் போல முழுச் சோதனைக்கு உட்படுத்தி, மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும். சுலபமாகச் சரி செய்வதாக இருந்தால் விற்கிறவனே செய்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக விற்றிருக்க மாட்டானா? என் கடைக்கு வருகிறவனிடம் நானே கேட்கும் கேள்வி இது. வெளியூர் போனதும் புத்தி எங்கே போனதோ.

அடுத்து எனக்குப் பிடித்தது சுசுகி டிஆர் 650. அந்த ஊர் மண் சாலைகளுக்கென்றே செய்தது போன்ற வண்டி. 644 சிசி. அங்கேதான் ஏசிசி வந்து குறுக்கே நின்றது. ஏசிசி என்றால் எனக்குச் சிமென்ட் மூட்டைதான் தெரியும். அங்கே அது விபத்து இழப்பீட்டுக் கழகம். ரெகோ பணத்தில் பெரும் பங்கு அதற்குத்தான் போகிறது. 600 சிசிக்குள் ஒரு கட்டணம், அதற்கு மேல் போனால் இன்னொன்று. இரண்டுக்கும் அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 100 டாலர் வித்தியாசம். அந்த ஊர் டாலர் அன்றைக்கு 47, 48 ரூபாய். பைக்குக்குக் கட்டியது காருக்குக் கட்டியதைப் போல மூன்று நான்கு மடங்கு. பைக்கில் போகிறவன்தான் அதிகமாக அடிபடுகிறான், அவனே அதிகம் கட்டட்டும் என்பது கணக்கு. 2009இல் இந்தக் கட்டணத்தை ஏற்றப் போகிறார்கள் என்றதும் ஆயிரக்கணக்கானவர்கள் பைக்கோடு வெலிங்டன் நாடாளுமன்றத்தின் முன்னால் போய் நின்றிருக்கிறார்கள்.

கடைசியில் வாங்கியது சுசுகி ஜிஎன் 250. ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின், திறந்தால் எனக்குத் தெரியாத பாகம் ஒன்றுகூட இல்லை. ஹெண்டர்சன் பக்கம் ஒரு பெரியவர் விற்றார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1,900 டாலர் சொன்னார். தம்பி இரண்டு மூன்று டாலர் கட்டி, வண்டி மேல் கடன் ஏதும் இருக்கிறதா என்று அரசாங்கப் பதிவேட்டில் பார்த்தான். கடனோடு இருக்கும் வண்டியை வாங்கினால் கடன் கொடுத்தவன் வந்து நம்மிடமிருந்து தூக்கிக்கொண்டு போகலாம். இது சுத்தமாக இருந்தது.

விற்கும் வண்டிக்கு ஒரு மாதத்துக்குள் எடுத்த வோஃப் இருக்க வேண்டும். வாரன்ட் ஆஃப் ஃபிட்னஸ் என்பதைச் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள்; நம் எஃப்சி மாதிரி. நம் ஊரில் சொந்த பைக்குக்குப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே அப்போது 2000 முதல் பதிந்த வண்டிக்கு வருஷா வருஷம், அதற்கு முந்தியதென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பெரியவருடைய வோஃப் மூன்று மாதம் பழையது. "இப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் 100 குறைக்கிறேன்" என்றார். நான் புதிது எடுத்துத் தாருங்கள் என்றேன்.

சோதனைக்கு நானும் கூடப் போனேன். தொழில்காரன் அல்லவா, வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியாது. சோதிக்கிற பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. விளக்கு, ஹாரன், டயர், செயின் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அப்புறம் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் கீழ்முனையை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவன் நிமிர்ந்து என்னைப் பார்ப்பதற்குள் "கோன் செட்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவனுக்குப் புரியவில்லை, ஆனால் நான் ஹேண்டில் பார் கழுத்தைக் காட்டியதும் சிரித்தான். ஃபெயில். 28 நாளுக்குள் சரி செய்துகொண்டு வந்தால் மறு சோதனைக்குக் காசு இல்லை. பெரியவர் வீட்டு ஷெட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து கழுத்து நட்டை இறுக்கினோம். பேரிங் குண்டு எதுவும் தேயவில்லை, வெறும் லூஸ்தான். மறுநாள் பாஸ்.

பெயர் மாற்றம்? தம்பி சொன்னது அப்படியே நடந்தது. போஸ்ட் ஷாப் கவுன்டரில் ஒரு படிவம். விற்கிறவருக்குத் தனிப் படிவம், வாங்குகிறவருக்குத் தனிப் படிவம், ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. என் பாஸ்போர்ட், லைசென்ஸ், தம்பி வீட்டு விலாசம். விசாவைக்கூட அந்தப் பெண்மணி கேட்கவில்லை. கட்டணம் பத்து டாலருக்குள். மூன்று மாத ரெகோவும் சேர்த்து எடுத்தேன், அது 100 டாலரைக் கொஞ்சம் தாண்டியது. வரிசையில் நின்ற நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிஷம். எனக்கு முன்னால் நின்ற அம்மா பார்சல் அனுப்ப எடுத்துக்கொண்டதே அதைவிட அதிகம்.

பதிவுச் சான்று சில நாள் கழித்துத் தபாலில் வந்தது. பிரித்துப் பார்த்தால் அதில் நான் "ஓனர்" இல்லை, "பதிவான நபர்". இந்தக் காகிதம் உரிமைக்குச் சான்று ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வண்டிக்கு யார் பொறுப்பு, அபராதம் வந்தால் யாருக்கு அனுப்புவது என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் அந்தப் பதிவு. வண்டி உன்னுடையது என்பதற்கு, நீ பணம் கொடுத்து வாங்கிய ரசீதைத்தான் காட்ட வேண்டும். ஆர்சி புக்கைப் பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டும் ஊரிலிருந்து போனவனுக்கு இது ஜீரணமாக இரண்டு நாள் ஆனது. ஆனால் அவ்வளவு சுலபமாக எழுதிக் கொடுப்பதன் காரணமும் இதுதான் என்று படுகிறது. அந்தக் காகிதம் சொத்துப் பத்திரம் இல்லை. அபராத நோட்டீசுக்கான விலாசம்.

லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. பைக்கில் ரெகோ லேபிளை மாட்ட, வட்டமான ஒரு பிளாஸ்டிக் டப்பியை நம்பர் பிளேட் பக்கத்தில் போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். மூடிக்கும் டப்பிக்கும் நடுவே ஒரு மெல்லிய ரப்பர் வளையம். என் வண்டியில் அந்த வளையம் காய்ந்து வெடித்திருந்தது. சைக்கிள் டியூபிலிருந்து ஒரு நறுக்கு எடுத்து வைத்து மூடினேன். ஏழு வாரம், அதில் பாதி மழை, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. லேபிளோ வோஃபோ காலாவதியாகிப் பிடிபட்டால் ஒவ்வொன்றுக்கும் அப்போது 200 டாலர்.

இனி இன்சூரன்ஸ்.

"அது இங்க கட்டாயம் இல்லண்ணே" என்று தம்பி அப்போதுதான் சொன்னான். நான் நம்பவில்லை. நம் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. 2018 செப்டம்பரிலிருந்து புது டூ வீலருக்கு ஐந்து வருஷத்துக்கும் சேர்த்தே எடுத்தாக வேண்டும். இவ்வளவு ஒழுங்கான நாட்டில் கட்டாயம் இல்லையா?

இல்லைதான். காரணம் அந்தச் சிமென்ட் கம்பெனி, அதாவது ஏசிசி. உட்ஹவுஸ் என்ற நீதிபதி தலைமையிலான குழு 1967இல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்த ஏற்பாடு, 1974 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. யார் மேல் தப்பு என்று பார்ப்பதில்லை. அந்த மண்ணில் விபத்தில் அடிபட்டால், சுற்றுலா வந்தவனாக இருந்தாலும், சிகிச்சைச் செலவில் கழகம் கைகொடுக்கும். அதற்குப் பதிலாக, அடிபட்டதற்கு நஷ்டஈடு கேட்டு இடித்தவன் மேல் வழக்குப் போட முடியாது. நம் ஊரில் மூன்றாம் நபர் காப்பீடு எதற்காக முக்கியமாக இருக்கிறதோ, அந்த வேலையை அங்கே ரெகோவே செய்துவிடுகிறது. பெட்ரோல் போட்டாலும் அப்போது லிட்டருக்கு 6 சென்ட் ஏசிசிக்குப் போனது. ஆக, டேங்க் நிரப்பும்போதெல்லாம் இன்சூரன்ஸ் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

ஆனால் அது உடம்புக்கு மட்டும். நான் போய் ஒருவருடைய காரில் இடித்தால் அந்தத் தகரத்துக்கு நான்தான் பொறுப்பு. ஆக்லாந்து சிக்னலில் எனக்கு முன்னால் நிற்கும் கார்களைப் பார்த்தால், ஒரு பம்பர் விலையில் என் சுசுகியைப் போல ஒன்று வாங்கலாம். போதாக்குறைக்கு, இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியைத் தொட மாட்டேன் என்று கிளம்பும்போது வீட்டில் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தேன்.

வண்டி தம்பி வீட்டு ஷெட்டில் நின்றது. நான் போனோடு உட்கார்ந்தேன். முதல் கம்பெனி, உள்ளூர் லைசென்ஸ் இல்லாதவருக்குப் பைக் பாலிசி தருவதில்லை என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டது. இரண்டாவதில் உள்ளூர் வங்கிக் கணக்கு கேட்டார்கள். மாதாமாதம் அதிலிருந்துதான் எடுப்பார்களாம். மூன்றாவதில் பேசிய பெண், என் லைசென்ஸில் எத்தனை சிசி வரை ஓட்டலாம் என்று போட்டிருக்கிறது என்று கேட்டாள். கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று மட்டும்தான் போட்டிருக்கும், சிசி கணக்கெல்லாம் எங்களுக்கு இல்லை என்றேன். "அப்படியானால் ஆயிரம் சிசிகூட ஓட்டலாமா?" ஓட்டலாம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். சொல்லவில்லை.

ஊரில் எட்டு வருஷமாக ஒரு கிளெய்ம்கூடப் போடாமல் 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் வைத்திருக்கிறேன். அந்தக் காகிதத்தை ஸ்கேன் செய்து பெருமையோடு அனுப்பினேன். ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நாலாவது நாள் ஒரு புரோக்கர் கிடைத்தார். இன்சூரன்ஸ் புரோக்கர். அங்கேயும் கடைசியில் புரோக்கர்தான். இரவில் வண்டி எங்கே நிற்கும், இதற்கு முன் எந்தக் கம்பெனியாவது மறுத்திருக்கிறதா, போலீஸ் கேஸ் உண்டா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். எதையும் மறைக்காதே, மறைத்தது தெரிந்தால் பாலிசி செல்லாது என்று முதலிலேயே சொன்னார். மூன்று பேர் கைவிரித்த கதையையும் சொன்னேன். மூன்றாம் நபர் பாலிசி மட்டும், ஒரு வருஷத்துக்கு 130 டாலர் சுமாருக்கு வாங்கித் தந்தார். விற்றதும் ரத்து செய்தால் மீதி நாளுக்குப் பணம் திரும்பும். நான் கிளெய்ம் போட்டால் முதல் 500 டாலர் என் கையிலிருந்து. வண்டி திருடு போனால் ஒன்றும் கிடையாது. ஊரிலேயே எடுத்திருந்த டிராவல் பாலிசியை அன்றிரவு எடுத்துப் படித்தேன். 125 சிசிக்கு மேல் பைக் ஓட்டி அடிபட்டால் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. கிளம்புவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியது.

அப்புறம் ஓட்டினேன். வடக்கே கேப் ரெய்ங்கா வரை, திரும்பி வெலிங்டன், கப்பலில் பிக்டன், மேற்குக் கரை வழியாகத் தெற்கே. ஆர்தர்ஸ் பாஸ் ஊருக்கு ஒரு நாள் ஏறிப் போனபோது கியா என்ற மலைக்கிளி வந்து சீட் உறையைக் கொத்திக் கிழித்தது. ரப்பர் கண்டால் அதற்கு விருந்து. அதற்கு எந்தப் பாலிசியும் இல்லை.

இன்சூரன்ஸுக்கு வேலை வந்தது ஹாஸ்டுக்கு வடக்கே நைட்ஸ் பாயின்ட் என்ற இடத்தில். கடலைப் பார்க்க வண்டியை நிறுத்தும் இடம். சரளைக்கல். சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு இறங்கினேன். ஸ்டாண்ட் மெதுவாக மண்ணுக்குள் இறங்கியது. 130 கிலோ வண்டியும் முப்பது கிலோ மூட்டையும் என் இடது காலைக் கீழே போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற கேம்பர் வேன் மேல் சாய்ந்தது. வேனின் பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. ஒரு வயதான தம்பதி இறங்கி வந்து முதலில் வண்டியைத் தூக்கி என் காலை எடுத்துவிட்டு, பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தார்கள். பெயர், விலாசம், போன் நம்பர் எழுதிக் கொடுப்பதற்குள் சேண்ட் ஃப்ளை என்ற குட்டி ஈ மூன்று பேரையும் பதம் பார்த்துவிட்டது. கண்ணாடிக்கு என்ன ஆகும் என்றேன். எண்பது இருக்கலாம் என்றார் பெரியவர். என் பாலிசியில் முதல் 500 என்னுடையது. ஆகவே நாலு நாள் தவம் கிடந்து வாங்கிய இன்சூரன்ஸை மூட்டைக்குள்ளேயே வைத்துவிட்டு, பர்ஸிலிருந்து எண்பது டாலர் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி ஹாஸ்டில் தங்கிவிட்டு மறுநாள் வானகா போய்ச் சேர்வதற்குள் கணுக்கால் ஷூவுக்குள் கொள்ளவில்லை. இடது கால்தான் கியர் போடும் கால். கணவாயில் ஒவ்வொரு கியருக்கும் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். ஒரு கிளினிக்கில் டாக்டர் அழுத்திப் பார்த்து எலும்பு முறியவில்லை என்றார். ஏசிசி 45 என்று ஒரு படிவத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, எங்கே, எப்போது, எப்படி விழுந்தாய் என்று கேட்டுத் தட்டினார். யார் மேல் தப்பு என்ற கேள்வியே இல்லை. என் பங்குக்குச் சிறு தொகை மட்டும் கட்டினேன். யாரிடமும் கெஞ்சாமல், தபால் கவுன்டரில் லேபிளோடு சேர்த்து வாங்கிய இன்சூரன்ஸ் அது. வாங்கியதே அப்போதுதான் உறைத்தது.

மார்ச் கடைசியில் கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு பிரெஞ்சுப் பையனுக்கு 1,750க்கு விற்றேன். இரண்டு பேரும் ஒன்றாகவே கவுன்டருக்குப் போனோம். விற்றதை நான் உடனே தெரிவிக்காவிட்டால் அவன் வாங்கும் அபராதமெல்லாம் தம்பி வீட்டு வாசலுக்குத்தான் வரும். மீதி ரெகோ வண்டியோடு போய்விட்டது, நம்பர் பிளேட்டும் அப்படித்தான். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க நான் வெட்டி வைத்திருந்த தகரத் துண்டையும் அவனிடம் கொடுத்தேன். எதற்கென்று கேட்டான். காலைக் காட்டினேன். இன்சூரன்ஸ் பாக்கி தம்பி கணக்குக்குத் திரும்பி வந்தது.

ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்துத் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். ஆக்லாந்துக்கு வடக்கே ஒரு சுங்கச் சாலை இருக்கிறது. கேட் கிடையாது, மேலே கேமரா மட்டும். அதைக் கடந்து போன பிறகு ஐந்து நாளுக்குள் நாமாகப் போய் இணையத்தில் கட்ட வேண்டும். முதல் வாரம் வடக்கே போன குஷியில் கட்ட மறந்திருக்கிறேன். இரண்டரை டாலருக்கும் குறைவான சுங்கம். நோட்டீஸ் வந்ததை விளம்பரத் தாள் என்று நினைத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டான் தம்பி. இப்போது வந்திருப்பது 40 டாலர் அபராதம். உறையின் மேல் என் முழுப் பெயர், இனிஷியலோடு, ஒரு எழுத்துகூடப் பிசகாமல்.

"கட்டிட்டேண்ணே" என்று கீழே எழுதியிருந்தான். "அடுத்த தடவ வர்றப்ப அந்தக் காசுக்குத் திண்டுக்கல் பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஷெட்டுக்கு."

பூட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.